திறன் மரத்தைக் கடைசியில் வரையுங்கள்: வீடியோ கேம் செய்யப் புதிதாக வருவோருக்கு

கேம் செய்யப் பழக வேண்டும் என்று வரும் பிள்ளைகள் அநேகமாக ஒரு கொப்பியோடு வருவார்கள். முதல் பக்கத்தில் திறன் மரம், அதாவது கேமில் வரும் பாத்திரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெறக்கூடிய திறன்களின் படம், இருக்கும். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி ஒரு பெயர்: இரட்டைத் தாக்கு, நிழல் நடை, தீப்பந்து. வர்ணப் பென்சிலால் நிறமும் தீட்டியிருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் கொப்பியில் 24 திறன்கள் இருந்தன. இன்று விளையாட்டுக்குள் இருப்பவை 5. அந்த 24 எப்படி 5 ஆனது, இடையில் ஒவ்வொன்றும் எத்தனை முறை உருமாறியது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் கதை வேறாக இருந்தாலும் வரிசை உதவும்.

உதாரணத்துக்கு என் விளையாட்டையே எடுத்துக்கொள்கிறேன். வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம், முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விளையும் ஒரு வயல். காலபோக அறுவடைக்கு இன்னும் 12 இரவுகள். வழக்கமாகக் காவலுக்குப் போகும் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். 14 வயதுப் பிள்ளை ஒருத்தி முதன்முறையாகப் பரணில் ஏறுகிறாள். பன்றியும் யானையும் வயலுக்குள் இறங்காமல் விடியும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இரவு 5 நிமிடம். துவக்கு வேண்டாம் என்பது நான் முதல் நாளே எடுத்த முடிவு. வன்னியில் இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

கருவி

இதில் நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கேம் செய்யும் மென்பொருளான கொடோ 4 எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், திறந்த மூலம், நீங்கள் விற்கும் விளையாட்டில் பங்கும் கேட்காது. நிறுவவும் தேவையில்லை, இறக்கிய கோப்பைத் திறந்தால் வேலை செய்யும். பழைய லப்டொப் என்றால் புதுத் திட்டம் தொடங்கும்போது ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற காட்சி முறையைத் தெரிவு செய்யுங்கள். 4 என்று அழுத்திச் சொல்லக் காரணம் எழுத்து. 3 ஆம் பதிப்பில் ‘கொ’ என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4 இல் தமிழ் ஒழுங்காகக் கோர்க்கப்படுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஓர் எழுத்துருவையும் திட்டத்துக்குள் போட்டுவிடுங்கள், யாருடைய கணினியிலும் பெட்டி பெட்டியாகத் தெரியாது.

படி 1: வினைச்சொற்களை எழுதுங்கள்

மரத்தை மூடி வையுங்கள். புதுப் பக்கத்தில், உங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்பதை வினைச்சொல்லாக மட்டும் எழுதுங்கள். நடப்பாள், ஏறுவாள், கேட்பாள், பார்ப்பாள், எறிவாள், மூட்டுவாள். ‘வலிமை’, ‘வீரம்’ போன்ற சொற்களை இந்தப் பக்கத்தில் சேர்க்கவே வேண்டாம். அவற்றைச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்த முடியாது.

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது உடனே விளங்கும். தட்டில் நிற்பவர் தன் கோட்டில் மட்டும் ஓடலாம். கிளி நடுக்கோட்டிலும் ஓடலாம். கிளியாக நிற்கும் பிள்ளையின் கால் மற்றவர்களின் காலைவிட 10% வேகம் என்று எந்த விதியும் இல்லை. மற்றவர்கள் போக முடியாத இடத்துக்குப் போக அதற்கு அனுமதி உண்டு, அவ்வளவுதான். அந்த ஓர் அனுமதி ஆட்டம் முழுவதையும் மாற்றிவிடுகிறது: உள்ளே நிற்பவர்கள் எல்லாரும் கிளி எங்கே என்று ஒரு கண் வைத்துக்கொண்டே ஓடுவார்கள். நல்ல திறன் ஒன்று விளையாட்டுக்குள் வந்ததும் இப்படித்தான் மற்ற எல்லாவற்றையும் அசைக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில், ‘இப்போது முடியாதது எது, பிறகு முடியப்போவது எது’ என்று ஒரு வரி எழுதுங்கள். வரி வராவிட்டால் அது இன்னும் திறனாகவில்லை.

படி 2: திறனே இல்லாமல் ஓர் இரவைச் செய்யுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாவிப் போவார்கள். தயவுசெய்து தாவாதீர்கள். திறனை ஏற்றச் செலவிடும் புள்ளி இல்லை, ஏற்றும் மட்டம் இல்லை, ஒன்றும் ஏறாது. ஓர் இரவு மட்டும். சதுரப் பெட்டிதான் பன்றி, வட்டம்தான் பிள்ளை. அந்த 5 நிமிடம் தானாகவே பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மேலே எத்தனை மரம் நட்டாலும் பயனில்லை.

கணினிக்கு முன்னால் உட்காரும் முன்பு நான் இதைத் தரையில் விளையாடிப் பார்த்தேன். சோக்கால் வயலைக் கீறி, புளியங்கொட்டைகளைப் பன்றியாக நகர்த்தி, தங்கச்சியைப் பரணில் இருத்தி. ஒரே பின்னேரத்தில் என் 24 இல் 9 திறன்கள் விழுந்துவிட்டன, ஏனென்றால் அவற்றுக்குத் தரையில் செய்ய எந்த வேலையும் இருக்கவில்லை.

படி 3: ஒரே ஒரு திறனைச் சேர்த்து, அது மாறுவதைப் பாருங்கள்

நான் முதலில் சேர்த்தது கேட்டல். அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திறன்கள் உருமாறும் விதம் எல்லாமே இந்த ஒன்றுக்குள் இருக்கிறது.

முதல் வடிவம் எல்லாரும் எழுதுவதுதான்: ‘ஒரு மட்டம் ஏறினால் கேட்கும் தூரம் 10% கூடும்.’ எழுத ஒரு நிமிடமும் போகவில்லை. ரியூசனுக்கு வரும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். புள்ளியைப் போட்டான், விளையாடினான், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணா, ஏத்தினன். இப்ப என்ன மாறினது?” என்று கேட்டான். உள்ளே எண் மாறியிருந்தது உண்மை. அவன் காதுக்கு எதுவும் வரவில்லை.

இரண்டாவது வடிவத்தில், திரையின் மூலையில் ஒரு காதுப் படம் வைத்தேன். விலங்கு வரும் பக்கம் அம்பு காட்டும். எல்லாருக்கும் பிடித்தது. வெற்றி என்றே நினைத்தேன். மூன்று நான்கு பேர் விளையாடியதும்தான் கண்ணில் பட்டது: ஒருவரும் வயலைப் பார்க்கவில்லை. கண் எல்லாம் அந்த மூலையில். ஒருவன் சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டு விளையாடினான், அப்படியும் வென்றான். கேட்டல் என்று ஒரு திறனைச் செய்து, கேட்கவே தேவையில்லாமல் ஆக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பாவிடம் போனேன். கதையில் வருபவர் அல்ல, உண்மையான சித்தப்பா, நாற்பது வருடம் காவல் இருந்தவர். இருட்டில் யானை வருவது எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். “யானை வாறது ஆருக்குக் கேக்கும்? அது பஞ்சுமாதிரி வரும். நான் தவளை நிக்கிறதைத்தான் கேக்கிறனான்” என்றார்.

மூன்றாவது வடிவம் அந்த ஒரு வசனத்திலிருந்து வந்தது. வயலின் நான்கு பக்கமும் தனித்தனித் தவளைக் கூட்டம் கத்தும். விலங்கு நுழையும் பக்கத்தில் சத்தம் அடங்கும். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்து வருவதால், ஏதோ குறைகிறது என்று மட்டும்தான் பிடிபடும். முதல் மட்டத்தில் இடது வலது பிரிந்து கேட்கும். இரண்டாம் மட்டத்தில் அமைதியின் நீளம் தெளிவாகும்: பன்றி கடந்தால் தவளைகள் சீக்கிரம் திரும்பத் தொடங்கும், யானை என்றால் நெடுநேரம் மூச்சுக் காட்டாது. மூன்றாம் மட்டத்தில் குளக்கட்டுத் தவளைகளும் காதில் விழும், ஆகவே யானை வயலை நெருங்குமுன்பே தெரிந்துவிடும். காதுப் படம், அம்பு எல்லாம் போய்விட்டன. காது கேளாதவர்களும் விளையாட வேண்டும் என்பதற்காக, விரும்பினால் தவளைக்குப் பதிலாக மின்மினிகள் அந்தந்தப் பக்கத்தில் அணையும்படி ஒரு தெரிவும் வைத்தேன். இந்தத் தெரிவைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். திறன் சிறியதாக இருக்கும்போதே செய்தால் அரைநாள் வேலை.

ஒரு திறனுக்கு மூன்று வடிவம் என்பது அதிகமல்ல. அடுத்த திறனை இது முடிந்த பிறகு தொடுங்கள்.

படி 4: எண்களைத் தனி அட்டவணையில் வையுங்கள்

திறனின் எண்களை நிரலுக்குள் எழுதாதீர்கள். ஒரு கூகுள் ஷீட், அல்லது கொப்பியில் கோடு போட்ட பக்கம்கூடப் போதும். திறன் எண், பெயர், மட்டம், விலை, என்ன மாறும், எவ்வளவு. அதை ஒரு கோப்பாக்கி விளையாட்டு வாசிக்கட்டும். பிறகு ஒரு எண்ணை மாற்ற நிரலைத் திறக்கவே வேண்டாம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபோல்அவுட் என்ற வீடியோ கேமின் கதையைச் சொல்லலாம். அது முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் ‘கர்ப்ஸ்’ என்ற மேசை விளையாட்டு விதிகளின் மேல் கட்டப்பட்டது. ஃபோல்அவுட் வெளிவந்தது 1997 அக்டோபரில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த உரிமம் கைவிட்டுப் போனது. பாத்திரத்தின் பண்பு, திறன் எல்லாவற்றையும் கேமைச் செய்தவர்கள் தாங்களே புதிதாக வகுக்க வேண்டி வந்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘ஸ்பெஷல்’ என்ற ஏழு பண்புகளின் அமைப்பு. பிற்காலத்தில் அந்தத் தொடரின் அடையாளமே அதுவாகிவிட்டது. உங்களுக்கு உரிமச் சிக்கல் வராது. ஆனாலும் முழு அமைப்பையும் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டிய நாள் எல்லாருக்கும் வரும், அன்றைக்குத் திறன்கள் தனியாக இருந்தால் தப்பினீர்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். கெற்றப்போல் கல்லை எடுங்கள். பன்றியின் துணிவு 30. ஒரு கல் பட்டால் 10 குறையும். ஆக 3 கல் பட்டால் ஓடிவிடும். கல்லின் பலத்தை 10% கூட்டினால் 11 ஆகும். 11 ஐ இரண்டு முறை கழித்தால் இன்னும் 8 மிச்சம், ஆக அப்போதும் 3 கல்தான் வேண்டும். புள்ளி வீண். 15 ஆக்கினால் 2 கல்லில் ஓடும், விளையாடுபவரின் கையே அதை உணரும். ஆகவே ஒரு மட்டத்தின் அளவை முடிவு செய்ய முன், அது எத்தனை அடியைக் குறைக்கிறது, எத்தனை விநாடியை மிச்சம் பிடிக்கிறது என்று கணக்குப் பாருங்கள்.

இன்னொரு கண்ணி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் சலுகைகள். யானை வெடி ஒன்றைப் போட்டால் அடுத்ததற்கு 20 விநாடி காத்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். திறனால் 30% குறையும், பரணைத் திருத்தினால் 30%, தம்பி துணைக்கு வந்தால் 30%. மூன்றையும் கூட்டினால் 90%, காத்திருப்பு வெறும் 2 விநாடி. தீபாவளி ஆகிவிட்டது வயல். கூட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கினால், 20 விநாடியில் 0.7, அதில் 0.7, அதில் 0.7, கிட்டத்தட்ட 6.9 விநாடி. குறைப்புச் சலுகைகளைப் பெருக்கியே கணக்கிடுங்கள், எத்தனை சேர்ந்தாலும் பூச்சியத்தைத் தொடாது.

மொத்தப் புள்ளியையும் அட்டவணையின் அடியில் எழுதிவையுங்கள். என்னிடம் 5 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மட்டங்கள், விலை 1, 2, 3. ஒரு திறனை முழுதாக ஏற்ற 6, ஐந்தையும் ஏற்ற 30. 12 இரவுக்கு 12 புள்ளியும் கூடுதலாக 2 உம் கிடைக்கும், மொத்தம் 14. இரண்டு திறனை முழுதாக ஏற்றினால் 2 புள்ளி மிச்சம். அதனால் ஒருவர் காதையும் தடத்தையும் நம்புவார், இன்னொருவர் கல்லையும் வெடியையும் நம்புவார். 30 புள்ளியையும் கொடுத்திருந்தால் 12 ஆம் இரவில் எல்லாரும் ஒரே ஆளாகத்தான் நின்றிருப்பார்கள்.

படி 5: விளையாட விட்டு, பேசாமல் இருங்கள்

பேசாமல் இருப்பதுதான் கடினம். “அதை அமத்து, அங்க போ” என்று வாயில் வந்துவிடும். கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு, எங்கே தடுமாறுகிறார்கள், முதல் புள்ளியை எதில் போடுகிறார்கள், எதைத் தொடவே இல்லை என்று மட்டும் குறியுங்கள். 6 பேர் போதும். அதில் கேம் விளையாடாத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

மூன்று விஷயங்களை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

மரமேறல் அப்போது பழகப் பழக வளரும் திறனாக இருந்தது: ஏறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும். பிள்ளைகள் இரவு தொடங்கியதும் பரணுக்குப் பக்கத்துப் பாலை மரத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வயலை மறந்தார்கள். இந்த வியாதி பழையது. 2006 இல் வந்த ஒப்ளிவியன் என்ற கேமில் குதித்தால் குதிக்கும் திறன் வளரும் என்பதால், போகிற இடமெல்லாம் குதித்துக் குதித்துப் போன ஆட்கள் உலகம் முழுவதும் உண்டு. விளையாடுபவர்களைக் குறை சொல்லாதீர்கள், நீங்கள் எதற்குப் பரிசு கொடுக்கிறீர்களோ அதைத்தான் செய்வார்கள். ஒரு மரத்தில் முதன்முறை ஏறும்போது மட்டும் வளரும் என்று மாற்றினேன். உடனே பிள்ளைகள் புது மரம் தேடி வயலைச் சுற்றத் தொடங்கினார்கள், அந்தச் சுற்றலில் தடங்களையும் கண்டார்கள். பின்னர் எல்லாவற்றையும் புள்ளிக்கு மாற்றியபோதும், புது மரத்துக்கு ஒரு சிறு பரிசை விட்டுவைத்தேன். மேலே சொன்ன கூடுதல் 2 புள்ளி அதுதான்.

இரண்டாவது வெடி. ஆறு பேரில் ஐந்து பேர் எல்லாப் புள்ளியையும் வெடியிலேயே போட்டார்கள். எது வந்தாலும் ஒன்றைக் கொளுத்தினால் ஓடிவிடுகிறதே. இப்படி ஒரு திறன் மற்றவற்றை விழுங்கும்போது முதலில் கை போவது எண்ணைக் குறைக்கத்தான். அதற்கு முன்பு, உண்மையில் அந்தப் பொருளுக்கு என்ன குறை என்று யோசியுங்கள். யானைக்குச் சத்தம் பழகிவிடும். இங்கே காவல் இருந்த எவரும் அதைச் சொல்வார்கள். ஆகவே ஒரே யானைக்கு அடுத்தடுத்து வெடி போட்டால், மூன்றாவது வெடிக்கு அது நின்று பார்க்கும், நான்காவதுக்கு நகராது. எண்ணில் கைவைக்காமலே மற்ற நான்கு திறன்களுக்கும் உயிர் வந்தது.

வெடியில் இன்னொன்றும் மாறியது. சத்தத்தை உண்மைக்கு நெருக்கமாகப் பதிந்து வைத்திருந்தேன். ஒரு நாள் லப்டொப்பில் அதைச் சோதிக்கும்போது குசினியில் இருந்த அம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சத்தத்தை நான் திரும்பப் போடவில்லை. இப்போது வெடித்தால் ஒரு வெளிச்சம், ஒரு மெல்லிய அதிர்வு, பிறகு மரத்துப் பறவைகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பும். மட்டம் ஏற ஏறத் தூரத்து மரங்களிலிருந்தும் பறவைகள் எழும். பலம் கூடியது கண்ணுக்குத் தெரிகிறது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்கள் எதைக் கடந்து வந்தவர்கள் என்பதும் திறன் வடிவமைப்பில் சேர்த்திதான்.

மூன்றாவது நித்திரை. நடுச்சாமத்துக்குப் பிறகு எல்லாத் திறனும் பாதியாகும் என்று ஒரு விதி. எல்லாரும் வெறுத்தார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 இல் வெளிவருவதற்கு முந்திய சோதனைக் காலத்திலும் இதுதான் நடந்தது. நெடுநேரம் விளையாடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும் என்று வைத்தார்கள், சோதித்தவர்கள் கொதித்தார்கள். பிறகு, ஓய்வெடுத்து வந்தால் 200%, மற்ற நேரம் 100% என்று திருப்பிச் சொன்னார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான், மனக்குறை போய்விட்டது. நானும் தண்டனையை எடுத்துவிட்டு, பகலில் நித்திரை கொண்டு வந்தால் முன்னிரவில் இரண்டு மடங்கு என்று மாற்றினேன். அதன் பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை.

படி 6: வெட்டுங்கள்

திறன்களைக் கூட்டுவது எளிது. பெரிய நிறுவனங்களே வெட்டித்தான் வந்திருக்கின்றன. எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் மோரோவிண்டில் 27 திறன்கள், ஒப்ளிவியனில் 21, 2011 இல் வந்த ஸ்கைரிமில் 18. வலிமை, அறிவு போன்ற அடிப்படைப் பண்புகளையும் ஸ்கைரிமில் எடுத்துவிட்டார்கள். டயப்லோ 3 ஐ 2008 இல் காட்டியபோது அதில் திறன் மரம் இருந்தது. 2012 இல் கடைக்கு வந்தபோது மரம் இல்லை. அவ்வளவு பெயர்பெற்ற மரத்தை அவர்களே வெட்டினார்கள் என்றால், உங்கள் கொப்பியில் உள்ளதை நீங்கள் வெட்டலாம்.

எதை வெட்டுவது? யாரும் தொடாததை வெட்டுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்வேன்: எல்லாரும் முதல் புள்ளியைக் கொண்டுபோய்ப் போடுவதையும் எடுங்கள். நெருப்பு மூட்டல் அப்படி இருந்தது. அது இல்லாமல் இரண்டாம் இரவைத் தாண்டவே முடியவில்லை. வாங்கியே ஆக வேண்டியதில் தெரிவு எங்கே இருக்கிறது? அதை ஆரம்பத்திலேயே பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டேன். தேன் எடுத்தலை எடுக்க மனம் வரவில்லை, ஆனால் அது பகல் வேலை, இந்த விளையாட்டு இரவில் நடப்பது. கொப்பியில் வைத்திருக்கிறேன்.

இப்போது, அதாவது மிஞ்சியவை எவை என்று தெரிந்த பிறகு, மரத்தை வரையுங்கள். எது எதற்கு முன் வர வேண்டும் என்பது விளையாட விட்ட காகிதங்களிலேயே இருக்கும்.

படி 7: பெயர்

‘கூர்செவிப்புலன்’ என்று எழுதியிருந்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. ‘காது’ என்று மாற்றினேன், எல்லாருக்கும் விளங்கியது. இப்போதைய ஐந்தும் இவைதான்: காது, தடம், ஏற்றம், கல், வெடி. வயலில் ஆட்கள் என்ன சொல்லைச் சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். விளக்கம் ஒரு வரிக்கு மேல் போனால் திறனே சிக்கலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 8: சேமிப்பை உடைக்காமல் மாற்றுங்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். சேமிப்புக் கோப்பில் திறன்களை அவற்றின் பெயராலேயே பதிந்திருந்தேன். ‘கூர்செவிப்புலன்’ ‘காது’ ஆன அன்று, 9 ஆம் இரவு வரை போயிருந்த ஒரு தங்கச்சியின் விளையாட்டு திறக்க மறுத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரும்ப முதலாம் இரவிலிருந்து தொடங்கவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் கொடுங்கள், அதை ஒருநாளும் மாற்றாதீர்கள், வெட்டிய திறனின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவும் வேண்டாம். சேமிப்புக் கோப்பின் தலையில் பதிப்பு எண் எழுதுங்கள். பழைய பதிப்பைத் திறந்தால், இல்லாமல் போன திறன்களில் போட்ட புள்ளிகளை எண்ணித் திருப்பிக் கொடுக்கும் ஒரு சிறு பகுதியை எழுதிவிடுங்கள். இருபது வரி நிரல்தான்.

போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்கும் வசதியையும் இப்போதே வையுங்கள். டயப்லோ 2 வந்தது 2000 இல். 2003 இல் வந்த 1.10 திருத்தத்தில், ஒரு திறனில் போட்ட புள்ளி இன்னொன்றையும் பலப்படுத்தும்படி அமைப்பையே மாற்றினார்கள். ஆனால் போட்ட புள்ளிகளைக் கலைத்து மறுபடி போடும் வசதி 2010 இல் வந்த 1.13 இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட பத்து வருடமும், ஒரு புள்ளியைப் பிழையாகப் போட்டவர் பாத்திரத்தையே புதிதாகத் தொடங்கினார். என் விளையாட்டில் பகல் நேரத்தில் சித்தப்பாவின் கட்டிலருகே போய் இருந்தால் புள்ளிகளைக் கலைக்கலாம், செலவில்லை. சோதிக்கும் காலத்தில் இது உங்களுக்கும் உதவும்: யார் எதைக் கலைக்கிறார்கள் என்று பார்த்தால், எந்தத் திறன் ஏமாற்றுகிறது என்று தெரிந்துவிடும். தடத்தில் போட்டவர்கள் திரும்பத் திரும்பக் கலைத்தார்கள். மழை இரவில் தடம் அழிந்துவிடுவதை நான் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. மழைக்கு முன் மேகம் கறுப்பதைப் பரணிலிருந்து காட்டினேன், கலைப்பது நின்றது.

வெளியிட்ட பிறகும் அமைப்பு மாறும். 2020 இல் வந்த சைபர்பங்க் 2077 தன் திறன் மரங்களை 2023 செப்டெம்பரில் 2.0 என்ற திருத்தத்தில் அடியோடு மாற்றியது, பழைய புள்ளிகளை ஆட்களிடமே திருப்பிக் கொடுத்து. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒரு திறனைக் குறைத்தால், அதில் போட்ட அத்தனை புள்ளியையும் அடுத்த தடவை திறக்கும்போது கையில் கொடுத்து, என்ன மாறியது என்று ஒரு வரியில் சொல்லுங்கள். என் விளையாட்டில் அந்த வரியைச் சித்தப்பா சொல்வார்: “பிள்ளை, வெடிக்கு யானை பழகிட்டுது. உன்ர புள்ளி ஆறும் இந்தா கிடக்கு, வேற எதிலயாவது போடு.”